கஸ்டமைஸ் என்று சொன்னால் எதை மாற்றித் தருகிறார்கள்?

கொழும்பில் இப்போது கஸ்டமைஸ் என்ற சொல் இல்லாத கடை அரிது. பெயர் அச்சடித்த குவளையும் கஸ்டமைஸ்தான், வெள்ளவத்தையில் தைக்கக் கொடுக்கும் சாரிச் சட்டையும் கஸ்டமைஸ்தான், தொடர்மாடி வீட்டுக்குப் போடும் பான்ட்ரி அலுமாரி, திருமண அட்டை, கம்பனிக்கு எழுதித் தரும் சொஃப்ட்வெயார், எல்லாவற்றுக்கும் அதே சொல். ஆனால் அதற்குள் நடக்கும் வேலை ஒன்றல்ல. அதனால்தான் ஒரே அளவு அலுமாரிக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் எடுத்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வருகின்றன, ஒருவர் நாலு நாளில் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் இரண்டு மாதம் கேட்கிறார், ஒரு இடத்தில் பிடிக்காவிட்டால் திருப்பி எடுக்கிறார்கள், மற்ற இடத்தில் அட்வான்ஸைக்கூடத் திருப்பித் தருவதில்லை.

யாரோ ஏமாற்றுகிறார் என்று நினைப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பொருள் செய்யப்படும் வழியில் உங்கள் ஓடர் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது? விலை, எடுக்கும் நாள், திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது, பிழை வந்தால் யார் பொறுப்பு என்பது, நாலும் அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை.

பிஸ்போக் என்ற பழைய சொல்

இங்கிலீஷில் இதற்குப் பழைய சொல் பிஸ்போக். முன்கூட்டியே சொல்லிவைத்தது என்பதுதான் அதன் பொருள். லண்டனில் சவில் ரோ என்ற தையல் தெருவில், ஒரு துணியை ஒருவர் தெரிவு செய்துவிட்டால் அது அவருக்கென்று சொல்லியாகிவிட்ட துணி, வேறு ஆளுக்குப் போகாது என்று விளக்கம் சொல்வார்கள். அங்கே வேலை நடக்கும் முறை இது: ஆளை அளந்து, அந்த ஆளுக்கென்றே புதிதாகக் கடதாசியில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டும் வடிவம், வரைந்து, துணியைக் கையால் வெட்டி, பாதி தைத்த நிலையில் போட்டுப் பார்த்துத் திருத்தி, பிறகுதான் முடிப்பார்கள். அந்தத் தையல்காரர்களின் சங்கம் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று வைத்திருக்கிறது.

2008இல் இதில் ஒரு தகராறு வந்தது. ஏற்கெனவே இருக்கும் பேட்டர்னை வாடிக்கையாளரின் அளவுக்கு மாற்றி, இயந்திரத்தால் வெட்டிய சூட்டை ஒரு நிறுவனம் பிஸ்போக் என்று விளம்பரம் செய்தது. முறைப்பாடு பிரித்தானியாவின் விளம்பரத் தர அதிகாரசபைக்குப் போனபோது, அந்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தவில்லை என்று தீர்ப்பு வந்தது. சாதாரண வாடிக்கையாளருக்கு இரண்டுமே தன் அளவுக்குச் செய்த சூட்தான் என்பது அதன் வாதம். சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: சொல்லை மட்டும் பார்த்து என்ன வேலை நடக்கப்போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

தையலை வைத்தே மூன்று நிலைகளைப் பிரித்துவிடலாம், மற்ற எல்லாத் துறைக்கும் இதே பிரிப்பு உதவும்.

1. ரெடிமேட். அளவுகள் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. உங்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதை நீங்கள் எடுக்கிறீர்கள்.

2. அளவுக்கு மாற்றியது. அடிப்படை பேட்டர்ன் ஒன்று கையிருப்பில் இருக்கும், உங்கள் இடுப்பு, தோள், கை நீளத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைப்பார்கள்.

3. ஆளுக்கென வெட்டியது. பேட்டர்னே உங்களிடமிருந்து பிறக்கிறது.

இப்போது வெள்ளவத்தைக்கு வாருங்கள். சாரிச் சட்டை தைக்கும் அக்காமார் பலர் மூன்றாவது நிலை வேலையைத்தான் செய்கிறார்கள், அதை பிஸ்போக் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அளவு நாடாவால் அளந்து, கழுத்து எவ்வளவு இறக்கம், முதுகு எவ்வளவு, டக் எங்கே விழ வேண்டும் என்று கொப்பியில் எழுதி, துணி மேலேயே சோக்கால் கீறி வெட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தால் வேலையின் இனமே மாறிவிடுகிறது, அது பிரதி எடுப்பது. அந்தப் பழைய சட்டையில் தோள் சற்றுச் சரிந்திருந்தால் புதியதிலும் சரியும். அதைக் கொடுத்த நாளைக்குப் பிறகு உங்கள் உடம்பு மாறியிருந்தால் அதுவும் கணக்கில் வராது.

சவில் ரோவில் இருந்து இங்கே இல்லாமல் போனது நடுவில் வரும் அந்த ஃபிட்-ஒன். பாதித் தையலில் போட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும், கல்யாண சீசனில் தையல்காரருக்கும் நேரமில்லை, நமக்கும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் பக்கத் தையலுக்குள் துணியை விட்டுத் தைக்கிறார்கள். உள்ளே ஒரு அங்குலம் துணி இருந்தால் பிறகு பிரித்து விடலாம். அந்த உள்துணியை வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமாக ஓவர்லொக் அடித்த சட்டை பார்க்க அழகாக இருக்கும், திருத்தத்துக்கு இடம் தராது. விலை பேசும்போது இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஓடர் நுழையும் நாலு வாசல்

1996இல் ஜோசப் லாம்பெல், ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற இரண்டு முகாமைத்துவ ஆய்வாளர்கள் இந்த விஷயத்தை நல்ல தெளிவாக வைத்தார்கள். எந்தப் பொருளும் வடிவமைப்பு, உற்பத்தி, பொருத்துதல், விநியோகம் என்ற நாலு கட்டங்களைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. வாடிக்கையாளரின் விருப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்து தொடங்கி எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதே கேள்வி. கொழும்பு உதாரணங்களோடு பார்ப்போம்.

1. விநியோகத்தில் நுழைவது. பொருள் எல்லாருக்கும் ஒன்று, எப்போது, எங்கே, எந்தப் பெட்டியில் வர வேண்டும் என்பது மட்டும் உங்கள் தெரிவு.

2. பொருத்துதலில் நுழைவது. துண்டுகள் ஏற்கெனவே தயார், எதை எதோடு சேர்ப்பது என்று நீங்கள் சொல்கிறீர்கள். கணினிக் கடையில் ரேம், டிஸ்க், திரை தெரிவு செய்து வாங்குவது இப்படித்தான்.

3. உற்பத்தியில் நுழைவது. வடிவம் முன்பே இருக்கிறது, ஆனால் வெட்டும் அளவு உங்களுடையது. பெரும்பாலான பான்ட்ரி அலுமாரிகள், அளவுக்கு மாற்றிய சூட்.

4. வடிவமைப்பில் நுழைவது. வெள்ளைத் தாளில் இருந்து தொடக்கம். ஒரு கட்டடக் கலைஞர் உங்கள் காணிக்கு வரையும் வீடு, நகை செய்யும் பத்தரிடம் படம் வரைந்து செய்விக்கும் பதக்கம்.

பெயர் அச்சடித்த குவளை எங்கே வரும்? குவளை முழுமையாகச் செய்து முடிந்துவிட்டது, மேலே படம் மட்டும் ஏறுகிறது, ஆகவே இரண்டாவது வாசலைக்கூட எட்டவில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை, நல்ல பரிசுதான். ஆனால் கடைக்காரரிடம் கைவசம் எப்போதும் வெற்றுக் குவளை இருக்கும், அதனால் ஒரு நாளில் தர முடியும், தரவும் வேண்டும். ஓடர் வடிவமைப்பின் பக்கம் எவ்வளவு பின்னால் போய் நுழைகிறதோ அவ்வளவுக்கு முன்கூட்டிச் செய்து வைத்திருக்க முடியாமல் போகிறது, காத்திருப்பும் பிழை வரும் வாய்ப்பும் கூடுகின்றன, அந்தப் பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாத நிலையும் வருகிறது. அட்வான்ஸ் ஏன் திரும்பி வருவதில்லை என்பதற்கு நேர்மையான காரணம் அந்தக் கடைசி அம்சம்.

ஆயிரக்கணக்கான தெரிவுகள் என்பது என்ன கணக்கு?

இணையத்தில் சட்டை விற்கும் தளங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் என்று போடும். கணக்குப் பாருங்கள். 10 துணி, 6 வகைக் கொலர், 4 வகைக் கைப்பட்டி, 5 வகைப் பொத்தான். பெருக்கினால் 1,200 வெவ்வேறு சட்டைகள். ஆனால் கூட்டினால் 25 பொருள்தான், கடைக்காரர் கையிருப்பில் வைத்திருக்க வேண்டியது அந்த 25 மட்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர். 1987இல் நெஷனல் பைசிக்கிள் நிறுவனம் பனசொனிக் பெயரில் ஆளின் அளவுக்குச் செய்யும் சைக்கிள்களை விற்கத் தொடங்கியது. கடையில் வைத்து உங்களை அளந்து, விவரத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். சட்டக அளவு, நிறம், பாகங்கள் எல்லாம் சேர்த்துப் பெருக்கினால் 1 கோடி 10 லட்சத்துக்கு மேற்பட்ட வகைகள், இரண்டு வாரத்தில் கையில் கிடைக்கும். மாஸ் கஸ்டமைசேஷன் என்ற சொற்றொடரும் அதே காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. தொகையாகச் செய்யும் விலைக்கும் தனித்துச் செய்யும் பொருத்தத்துக்கும் நடுவில் ஒரு வழி என்பது அதன் சுருக்கம்.

ஆகவே, தெரிவுகளின் எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் அது உங்களுக்கென வடிவமைத்தது ஆகிவிடாது. அந்த 25 துண்டுக்குள் உங்கள் தேவை இருந்தால் இது மலிவான, வேகமான, அருமையான முறை. உங்கள் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது என்றால் 1,200இல் ஒன்றும் உதவாது.

விலை ஏன் அப்படி வருகிறது

திருமண அட்டை அடிக்கக் கொடுத்தவர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கும். 500 அட்டைக்கு ஒரு விலை சொன்னார்கள், சரி, 100 போதும் என்றால் விலை ஐந்தில் ஒன்றாகக் குறைய வேண்டுமே, குறைவதில்லை. காரணம் ஓஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் செய்ய வேண்டும், முழுநிற வேலைக்கு நாலு. பிளேட் செய்து, இயந்திரத்தில் ஏற்றி, நிறம் சரி வரும்வரை தாள்களைக் கழித்து, இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் நல்ல அட்டை வெளியே வரும். அந்தச் செலவு 100க்கும் ஒன்றுதான் 5,000க்கும் ஒன்றுதான். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது, அதனால் 50 அட்டைக்கு அதுதான் நல்லது, ஒவ்வொரு அட்டையிலும் விருந்தினரின் பெயரை மாற்றி அடிக்கவும் முடியும். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஓஃப்செட் மலிவாகிவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை. பாமினியில் தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் போனில் இருந்து அனுப்புவது யூனிகோட். ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றும்போது கிரந்த எழுத்தோ கொம்போ இடம் மாறிப்போகலாம். ஸ்ரீயும் ஷ்யும் வரும் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபில் நீங்கள் ஒப்பம் வைத்த பிறகு பிளேட் செய்தாகிவிட்டால் அந்தப் பிழையைத் திருத்தும் செலவு உங்கள் தலையில் விழும்.

மரவேலையில் விலையைத் தீர்மானிப்பது வேறொன்று. மெலமைன், எம்டிஎஃப் பலகைகள் பொதுவாக 8 அடிக்கு 4 அடியில் வருகின்றன. அலுமாரியின் ஆழம் 2 அடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கலாம், வாள் தின்னும் 3 மில்லிமீட்டர் போக மிச்சமில்லை. ஆழம் 2 அடி 3 அங்குலம் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால் இரண்டாவது துண்டு 1 அடி 9 அங்குலத்துக்கும் குறைவாக வரும், பக்கப்பலகைக்கு ஆகாது. அந்த 3 அங்குலத்துக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுப் பலகை வாங்க வேண்டி வரலாம். மொறட்டுவையில் அனுபவமுள்ள தச்சு பாஸ் ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்தவுடனே ஆழத்தைக் கொஞ்சம் குறைப்போமா என்று கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

உடம்பைத் தொடும் இடத்தில் மட்டும்

எல்லாவற்றையும் ஆளுக்கென்றே செய்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். மிக அவசரமான தேவை இருக்கும் துறையிலேயே அப்படிச் செய்வதில்லை. செயற்கைக் கால் அதற்கு நல்ல உதாரணம்.

காலை இழந்தவருக்குக் கால் பொருத்தும்போது, மிஞ்சிய பகுதி நுழையும் உறை, அதாவது சொக்கெட், முழுக்க அந்த ஒருவருக்கானது. பிளாஸ்டரில் அச்சு எடுத்து, எலும்பு அழுத்தும் இடத்தில் விட்டுக் கொடுத்து, சதை தாங்கும் இடத்தில் இறுக்கி, அச்சைக் கையால் திருத்தி, அதன் மேல் உறையை உருவாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் பிழைத்தால் தோல் புண்ணாகும், ஆள் அந்தக் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். ஆனால் கீழே உள்ள பாதம்? அது வழமையான அளவுகளில், அச்சுகளில் செய்து வருகிறது. 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் பாதமும் அப்படித்தான். ரப்பரும் மரமும் சேர்ந்த பாதம் எல்லாருக்கும் ஒரே முறையில், உறை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக. வெறுங்காலோடு நடக்கவும், சப்பாணி கட்டி உட்காரவும், வயலில் இறங்கவும் ஏற்ற பாதம் என்பதால் நம் நாட்டுக்கு அது பொருந்தியது. கொழும்பு ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டியும் யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையமும் போர்க்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களை நடக்க வைத்தது இந்த முறையால். பாதத்தையும் தனித்தனியாகச் செய்யப் போயிருந்தால் அத்தனை பேருக்குக் கிடைத்திருக்காது.

மூக்குக்கண்ணாடியும் இதே வழி. சட்டகம் ரெடிமேட், வில்லைகளின் பவர் 0.25 படிகளில் ஏறி இறங்கும், கண்மணிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் உங்களை அளந்து வைக்க வேண்டும். காதுக்குள் வைக்கும் கேட்கும் கருவியில் ஓடு உங்கள் காதின் அச்சில் இருந்து வருகிறது, உள்ளே இருக்கும் சிப் எல்லாருக்கும் ஒன்று.

தனித்துச் செய்யாமலே பொருத்தம் கொடுக்கும் இன்னொரு வழியும் உண்டு. 1950இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 பேரின் அளவுகளை எடுத்து, விமானி அறை வடிவமைப்புக்கு முக்கியமான 10 அளவுகளில் எத்தனை பேர் சராசரிக்குள் வருகிறார்கள் என்று பார்த்தார். நடுவில் உள்ள 30 சதவீதத்தைச் சராசரி என்று தாராளமாக எடுத்துக்கொண்டும், பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்கென்று செய்த இருக்கை யாருக்குமே பொருந்தாத இருக்கை. அதற்காக ஒவ்வொரு விமானிக்கும் ஒரு விமானமா செய்ய முடியும்? நகர்த்தக்கூடிய இருக்கை, நீட்டிக் குறைக்கும் மிதி, வார் என்று போனார்கள். உங்கள் கார் இருக்கைக்குக் கீழே இருக்கும் நெம்பும் அதே யோசனைதான்.

வீட்டு வேலையில் இதை மறந்துவிடுகிறோம். அலுமாரித் தட்டுகளை உங்கள் இன்றைய சாமான்களுக்கு ஏற்ப ஆணி அடித்து நிரந்தரமாக்குவதைவிட, பக்கப்பலகையில் துளை வரிசை போட்டு உயர்த்தி இறக்கும்படி விட்டால் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அது உதவும். விலையும் பெரிதாகக் கூடாது.

தங்கம் யாருடையது?

கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் நடக்கும் வேலை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கஸ்டமைஸ். தாலிக்கொடி எத்தனை பவுண், ஒற்றைப்படையில் ஏழா ஒன்பதா பதினொன்றா, பிள்ளையார் தாலியா அம்மன் தாலியா, எல்லாம் சொல்லித்தான் செய்விக்கிறோம். ஒரு பவுண் 8 கிராம், 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதற்கு மேல் செய்கூலி, பிறகு அராவும்போதும் உருக்கும்போதும் கழிந்துபோவதற்கான சேதாரம்.

ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: செய்யப்படும் தங்கம் யாருடையது?

இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்ற ரோமச் சட்ட அறிஞர் எடுத்த உதாரணமே தட்டாரும் மோதிரமும்தான். தட்டார் தன் சொந்தத் தங்கத்தில் இந்த எடையில் இந்த வடிவில் மோதிரம் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால், அது விற்பனையா, கூலி வேலையா? தங்கத்துக்கு விற்பனை, உழைப்புக்குக் கூலி என்று ஒரு கட்சி இருந்தது, ஆனால் பெரும்பாலானோர் அதை விற்பனை என்றே எடுத்தார்கள். நான் என் தங்கத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் அது கூலி வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம், ஆகவே இந்தப் பிரிப்பு நமக்கு வெறும் சரித்திரக் கதை அல்ல.

நம் பொன்னுருக்கல் சடங்கை இந்தக் கண்ணால் பாருங்கள். நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், எல்லார் முன்னிலையிலும் பொன் நாணயத்தைப் பத்தரிடம் கொடுத்து உருக்குவது சுத்தமான கூலி வேலை ஒப்பந்தம். பொன் வீட்டாருடையது, பத்தர் தருவது திறமை. சபை நடுவில் உருக்குவதால் பொன் மாறவில்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. இதைவிட நேர்த்தியான நடைமுறையை எந்த ஒப்பந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

பழைய சங்கிலியைக் கடையில் கொடுத்துப் புதியது செய்யச் சொல்வது அப்படியல்ல. பெரும்பாலும் பழையதை எடை போட்டு மதிப்பிட்டு, அந்தத் தொகையைக் கழித்து, கடையின் தங்கத்தில் புதியதைச் செய்கிறார்கள். அம்மாவின் சங்கிலிதான் இந்த வளையலுக்குள் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், இருக்காது. அது உங்களுக்கு முக்கியம் என்றால் கொடுக்கும்போதே, உருக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய நகையில் ஒட்டுவதற்குப் போட்ட பொடி கலந்திருப்பதால், உருக்கினால் 22 கரட்டுக்குக் கொஞ்சம் கீழே வருவது இயல்பு. சந்தேகம் இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் தங்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

தையலிலும் இதே கோடு ஓடுகிறது. துணி நீங்கள் வாங்கிக் கொடுத்ததா, கடையில் இருந்ததா? நீங்கள் கொடுத்த பட்டுத் துணி சாயம் போனால் தையல்காரர் பொறுப்பல்ல, அவர் பிழையாக வெட்டினால் பொறுப்பு.

கையில் வந்த பிறகு

செய்து முடித்த பொருளை மாற்றுவது இன்னொரு வகை. 2025 ஜனவரியில் பொலிசார் பஸ், ஆட்டோ, மற்ற வாகனங்களில் அனுமதியில்லாத மேலதிகப் பொருத்துதல்களை அகற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது, என் சொந்த வண்டியை நான் அலங்கரிக்கக் கூடாதா என்று பலருக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபம் புரிகிறது, ஆட்டோவை அழகாக வைத்திருப்பதில் ஒரு தொழிலாளியின் பெருமை இருக்கிறது. ஆனால் வாகனம் என்பது ஒரு வடிவத்தில் பதிவு செய்யப்பட்ட பொருள். நிறம், எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றில் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் லைட் உங்களுடைய தெரிவு மட்டுமல்ல, அவருடைய உயிரும் அதில் இருக்கிறது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எதையும் வாங்கிப் பூட்டலாம், ஆனால் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாமல் பூட்டியது நட்டஈடு கேட்கும் நாளில் பிரச்சினையாகும்.

சொஃப்ட்வெயாரில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். செட்டிங்கில் மாற்றுவது ஒன்று, எழுதிய நிரலையே, அதாவது கோட் என்பதையே, மாற்றுவது மற்றொன்று. வரி வீதம், பில்லில் வரும் இலச்சினை, தமிழ் சிங்கள மொழித் தெரிவு எல்லாம் செட்டிங். உங்கள் கம்பனிக்கென்று நிரலை வெட்டி ஒட்டினால், தயாரிப்பாளர் அடுத்த பதிப்பை வெளியிடும்போது அந்த ஒட்டுகளை மறுபடி செய்ய வேண்டி வரும், ஒவ்வொரு முறையும். முழுவதும் உங்களுக்கென எழுதியது என்றால் மூலக் கோட் யார் கையில் இருக்கும்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் எழுத்துப் படைப்புகளோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. பணம் கொடுத்ததால் எல்லாம் நம்முடையது என்று நினைக்காமல், மூலக் கோடும் உரிமையும் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் உங்களுக்கென்றே காட்டுகிறோம் என்று வருவது இந்தக் குடும்பத்தில் சேராது. அங்கே நீங்கள் எதையும் சொல்லிவைக்கவில்லை, உங்கள் தடத்தைப் பார்த்து அவர்களே தீர்மானிக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவது அந்தப் பகுதியைத்தான், அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பிழைத்தால் சட்டம் என்ன சொல்கிறது

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் 14 நாளில் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கினால் அந்த உரிமை உண்டுதான், ஆனால் வாடிக்கையாளர் சொன்னபடி செய்த பொருளுக்கு விலக்கு. தயாரிப்பு வேலை தொடங்காவிட்டாலும் விலக்கு விலக்குத்தான் என்று ஒரு சமையலறை வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

இங்கே நமக்கு உதவுவது இரண்டு சட்டங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, எந்தத் தேவைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்குப் பயன்படுத்தும் பொருட்கள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது.

இரண்டிலும் நீங்கள் முன்கூட்டி என்ன சொன்னீர்கள் என்பது முக்கியம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீட்டுக்கு அலுமாரி என்றால், உப்புக்காற்று படும் இடம் என்று ஓடரிலேயே எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்தில் பிணைச்சல் துருப்பிடித்தால் அந்த ஒரு வரி உங்கள் பக்கம் நிற்கும். மாறாக, எந்தப் பிணைச்சல், எந்தப் பலகை என்று எல்லாவற்றையும் நீங்களே படம் போட்டுக் கொடுத்து இப்படியே செய் என்று சொன்னால், அந்தத் தெரிவில் உள்ள பிழை உங்களுடையது.

ஓடர் கொடுக்கும் முன்னால் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை:

1. எது ஏற்கெனவே இருக்கிறது, எது எனக்கென்று புதிதாகச் செய்யப்படுகிறது?

2. நடுவில் பார்த்துத் திருத்த ஒரு நாள் உண்டா? எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும்?

3. எந்தக் கட்டத்துக்குப் பிறகு மாற்ற முடியாது? அட்வான்ஸில் எவ்வளவு அந்தக் கட்டத்தில் செலவாகியிருக்கும்?

4. பேட்டர்ன், படம், அச்சு, கோட் எதுவாக இருந்தாலும், முடிந்த பிறகு அது யாரிடம் இருக்கும்?

நாலாவதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அளவுக் கொப்பி தையல்காரரிடம் இருந்தால் அடுத்த முறையும் அங்கேதான் போவீர்கள், அதில் ஒரு நல்ல உறவும் இருக்கிறது. ஆனால் அவர் கடையை மூடிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டால் கொப்பியும் போய்விடும், அளவுகளை ஒரு படம் எடுத்து வைத்திருங்கள்.

பேசித் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசியில் கேட்க 1977. முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்தான் அவகாசம் என்பதால், அடுத்த கிழமை திருத்தித் தருகிறேன் என்ற வாக்கை நம்பிக் காத்திருக்கும்போதும் பில்லில் உள்ள திகதியில் ஒரு கண் இருக்கட்டும்.